காத்திருத்தலும் காலந்தாழ்த்தலும்



"பொறுத்திரு" என்னும் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் நம் மக்கள். தெருவில் நடக்கவும், குளத்தில் நீர் முகக்கவும், பள்ளியில் சேரவும் நம்மைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பொறுமையைப் போதிக்க நான் வரவில்லை. அது பிறர் நம்மீது சுமத்தியது. மனம் தெளியாதபோது நாமே நமக்கு அளித்துக்கொள்ளும் அவகாசம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே பேச விழைகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே இதற்குச் சான்று. 1930-இல் நாசிக்கில் தொடங்கிய காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் ஆண்டுகள் பல நடந்தும் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13 அன்று இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என அறிவித்தார். வெளியேறுவதில் அவருக்கு ஐயமில்லை. ஆகவே உடனே உரைத்தார். எந்த நெறியை ஏற்பது என்பதில் தெளிவு வேண்டியிருந்தது, ஆகவே காத்திருந்தார். பல சமயத்தவரும் அழைத்தனர். சீக்கிய நெறியை ஆராய்ந்தார்; பௌத்தத்தை ஆழ்ந்து கற்றார்; இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்று நேரில் கண்டார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். இடையில் கழிந்தவை 21 ஆண்டுகள். அவை வீணான ஆண்டுகள் அல்ல, கற்ற ஆண்டுகள்.

என் தந்தையார் எழுத்தறியாதவர். நான் சிறுவனாயிருந்தபோது, சிறு கடனுக்காக நீட்டப்பட்ட தாளில் ஒரு மாலை வேளையில் கைரேகை வைத்தார். "இப்போதே வை, விடிந்தால் பணம் இல்லை" என்றார் கடன் கொடுத்தவர். அப்போதே தம் மனம் ஒப்பவில்லை என்று தந்தையார் பின்னாளில் கூறி வருந்தினார். ஓரிரவு பொறுத்து, படித்த ஒருவரிடம் அத்தாளைக் காட்டியிருந்தால் எங்கள் அரை ஏக்கர் நிலம் கைவிட்டுப் போயிராது.

இளைஞர்களே! மூலச் சான்றிதழ்களை எவரிடமேனும் ஒப்படைக்குமுன், கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், படிப்பைத் தேர்ந்தெடுக்குமுன், ஐயம் எழுந்தால் நில்லுங்கள். எனக்குத் தெரியாதது எது? அதை யாரிடம் கேட்பது? எந்த நாளுக்குள் முடிவு செய்வது? இம்மூன்றையும் தாளில் எழுதுங்கள். நாள் குறியாத காத்திருத்தல் வெறும் காலந்தாழ்த்தலே. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிட்டுவிட்டு, பொறுமை காத்தேன் என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள்!

கேட்பதற்கு ஆள் இல்லாத நிலையில் என் தந்தையார் இழந்தார். இன்று கேட்பதற்கு இக்கல்விக் கழகம் இருக்கிறது. கேளுங்கள், தெளியுங்கள், பின் துணிந்து செல்லுங்கள்.