உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, சந்தா பாக்கி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மீதியுள்ள பத்து நிமிடத்தில் தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றில் சில நாள்களைச் சொல்கிறேன். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு ரூபாய் நோட்டைப் போல, ஒரு பவுண்டு நோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2021 ஜூன் 23 அன்று இங்கிலாந்து வங்கி புதிய 50 பவுண்டு நோட்டை வெளியிட்டது. அதில் இருப்பவர் ஆலன் டூரிங் என்ற கணித மேதை. கணினிக்கு அடித்தளம் போட்டவர். உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்க உதவியவர். அவருடைய தாயார் பிறந்தது நம் கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில். தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. இன்னொரு ஆணுடன் உறவு வைத்திருந்தார் என்று 1952இல் அவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. 1954இல், 41 வயதில் இறந்துபோனார். அரசியின் மன்னிப்பு வந்ததோ 2013 டிசம்பர் 24இல்.

அதே வெள்ளைக்காரர்கள் 1860இல் நமக்கு எழுதிவைத்ததுதான் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் பழையபடி ஆக்கியது. அங்கே மன்னிப்பு, இங்கே மீண்டும் குற்றம். இடையில் 13 நாள்தான்.

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமித்து, வயது வந்தவர்கள் மனமொத்துச் சேர்ந்திருப்பது குற்றமல்ல என்றார்கள். முதல் மனுதாரர் நவ்தேஜ் சிங் ஜோஹர், சென்னை கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்றவர். இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினார் நீதிபதி இந்து மல்ஹோத்ரா.

நம் பக்கம் வருவோம். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது தனக்குப் புரிய வேண்டும் என்று தானே உளவியல் ஆலோசகர் முன் உட்கார்ந்து கேட்டறிந்தார். அதன் பிறகு, 2021 ஜூன் 7இல், இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்றும், "மாற்றிக்காட்டுகிறேன்" என்று செய்யும் சிகிச்சை கூடாது என்றும் உத்தரவிட்டார்.

திருமண உரிமை மட்டும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் நிதி அமைச்சகமும் ஒன்றைத் தெளிவாக்கின: இவர்கள் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம், தடையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே. பணம் சட்டப்படி வாரிசுக்குத்தான் சேரும். திருமணம் இல்லாததால் துணை வாரிசாக மாட்டார். இருபது வருடம் சேர்ந்து இருந்தாலும், ஒருவர் போன மறுநாள் அண்ணன் தம்பி வந்து கேட்டால் மற்றவர் கை வெறுங்கைதான். ஆகவே உயில் எழுதிவையுங்கள். உங்கள் வீட்டில், உறவில் இப்படி யாரும் இருந்தால் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தச் செய்தி மடலை அனுப்பிவிடுங்கள்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். வாடகைக்கு வரும் இரண்டு பெண்களோ ஆண்களோ ஒப்பந்தமும் அடையாள அட்டையும் சரியாகக் கொடுத்தால், "உங்களுக்குள் என்ன உறவு?" என்று சங்கம் துருவ வேண்டாம். நம் பிள்ளை ஒருநாள் இதைச் சொன்னால், அவசரமாகக் கல்யாணம் முடித்துவைக்க வேண்டாம். அதில் நம் பிள்ளையோடு, ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் போய்விடும்.

அரியும் அரனும் ஒன்றாக நிற்பதைக் காணத்தான் கோமதி அம்மன் இங்கே தவமிருந்தாள் என்கிறோம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது எட்டாத விஷயமல்ல.

வங்கி நாமினி படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: "வைப்பாளருடன் உறவு, இருந்தால்." அந்த "இருந்தால்" என்ற சொல்லைப் பாருங்கள். உறவு என்னவென்று நிரூபிக்காமலே ஒரு மனிதரைத் தனக்கு வேண்டியவர் என்று எழுத வங்கியே இடம் விட்டிருக்கிறது. நாமும் அவ்வளவு இடம் விடுவோம்.