இடமும் வேண்டும், படமும் வேண்டும்



கணிப்பொறியில் இடம் நிறைந்துவிட்டது என்னும் அறிவிப்பைக் காணாதவர் உங்களுள் அரியர். கண்டதும் பலர் செய்வது யாது? புகைப்படக் கோப்புறையைத் திறந்து அழிக்கத் தொடங்குகின்றனர். மீண்டும் தரவிறக்கிக் கொள்ளத்தக்கவை அப்படியே இருக்க, வேறெங்கும் கிடைக்காதவை முதலிற் போகின்றன. இம்முறையை நேர்செய்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அளந்தறிதல் வேண்டும். 256 கிகாபைட் எனக் கூறி விற்கும் வட்டினை விண்டோஸ் ஏறத்தாழ 238 என்றே காட்டும். இது வஞ்சனையன்று. விற்போர் நூறு கோடி பைட்டை ஒரு கிகாபைட் எனக் கொள்கின்றனர். விண்டோஸோ இரண்டின் 30-ஆம் அடுக்காகிய 1,07,37,41,824 பைட்டைக் கொள்கின்றது. வகுத்துப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

அடுத்து, இடத்தை நிரப்புவது எது என்று காணுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்னும் பகுதி அதனை வகைவகையாய்க் காட்டும். தற்காலிகக் கோப்புகள், ஆடாத விளையாட்டுகள், பெரிய பதிப்பு மாற்றத்தின்பின் எஞ்சிநிற்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' கோப்புறை ஆகியவற்றை முதலில் நீக்கலாம். டவுன்லோட்ஸ் கோப்புறையை மட்டும் மொத்தமாய்த் துடைத்தல் கூடாது. வாட்ஸ்அப் வழியே கணிப்பொறியில் இறக்கிய குடும்பப் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஒரே படம் இரண்டாக இருப்பின், அளவிற் பெரியதையே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றது.

இனி, மிகுதியும் தவறாக உணரப்படும் ஒன்றைச் சொல்லுகின்றேன். ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. ஒத்திசைவு என்பது கண்ணாடியில் தோன்றும் உருவம் போன்றது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருவர், மறைந்த தம் பாட்டியாரின் படங்களைக் கைப்பேசியில் இருக்கின்றனவே என்று கருதி மடிக்கணினியிலிருந்து நீக்கினார். கைப்பேசியிலும் அவை மறைந்தன. செய்தி என் செவிக்கு எட்டியது 19-ஆம் நாள். அவர் பயன்படுத்திய சேவை, நீக்கியவற்றை 30 நாள் வரை வைத்திருப்பது. ஆதலின் அனைத்தும் மீண்டன. இன்னும் இரு வாரம் கடந்திருப்பின், அம்மூதாட்டியின் முகம் அக்குடும்பத்தாரின் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

ஆகவே காப்புப்படி எடுத்தபின்னரே படங்களை நீக்குதல் வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய எளிய விதி ஒன்றுண்டு: படிகள் 3, அவற்றைத் தாங்கும் சாதன வகைகள் 2, அவற்றுள் 1 வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். நீங்கள் ஒரு படியைத் தனி வன்வட்டிலும், மற்றொன்றை இணையக் கிடங்கிலும் வைக்கலாம். கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் 1 முதல் ஏற்றிய படங்கள் 15 கிகாபைட் இலவச அளவிற் கணக்கிடப்படுகின்றன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

படங்களை வன்வட்டுக்கு மாற்றுங்கால் 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். இரு புறத்தும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா எனப் பாருங்கள். வன்வட்டைக் கழற்றி மீண்டும் இணைத்து, தொடக்கம், நடு, இறுதி எனச் சில படங்களைத் திறந்து பாருங்கள். அவை தெளிவாய்த் தெரிந்தபின், கணிப்பொறியில் உள்ளவற்றை நீக்கலாம். ஒத்திசைவு நடப்பின் அதனை முன்னரே நிறுத்திவிடுங்கள்.

நீக்கியவை ரீசைக்கிள் பின்னில் உள்ள வரையில் இடம் பெருகாது. அதனை வெறுமையாக்கிய பின்னரே பெருகும். இக்காலத்து எஸ்.எஸ்.டி. வட்டுகளில் அவ்வாறு வெறுமையாக்கியபின் மீட்டல் பெரும்பாலும் இயலாது. ஆகையால் அக்கடைசிச் செயலை ஒரு வாரம் தள்ளிவைப்பதில் இழப்பொன்றுமில்லை.

வீட்டில் இவ்வேலை உங்கள் கையிலேயே விடப்படுகின்றது. பெற்றோரின் திருமணப் படமும் தம்பியின் மழலைக் காணொலியும் அக்கையையே நம்பியிருக்கின்றன. எண்ணிச் சரிபார்த்த பின்னரே அழியுங்கள்.