கயிறு பிடிப்பது யார்?



வங்கியில் கல்விக்கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பரீட்சை முடிவு வருகிற சமயத்தில் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபைல்.

அப்படித்தான் தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். மகன் மீன்வளப் பட்டம் முடித்தவன். அப்பா சங்கு குளிப்பவர். ஃபைலை அவர்தான் வைத்திருந்தார், ஈரம் படாமல் பாலிதீன் பையில் சுற்றி. உள்ளே ஏதோ ஓர் ஏஜென்சி அச்சடித்துக் கொடுத்த தாள். இங்கிலாந்தில் ஒரு வருட முதுகலைப் படிப்பு, மொத்தச் செலவு 25 லட்சம். “முடிச்சிட்டு ரெண்டு வருஷம் அங்கேயே வேலை பாத்துக் கடனை அடைச்சிரலாமாம் அண்ணாச்சி” என்றான் பையன். அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. கிளம்பும்போதுதான் கேட்டார்: “எல்லாஞ் சரி. அங்க இவனுக்குக் கயிறு பிடிக்கது யாரு?”

நம் கரைக்காரர் கேட்கிற கேள்வி அது. அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கிறவர் கல்லில் காலை ஊன்றிக்கொண்டு எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஒரு நிமிஷம் தாங்கும் மூச்சு. முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். தோணியில் நிற்பவர் அந்தச் சுண்டலுக்குக் காத்திருந்து இழுக்க வேண்டும். அதனால்தான் மனைவியின் தம்பியை, அண்ணனைக் கயிறு பிடிக்கச் சொல்வார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கூடப்பிறந்தவள் தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது!

ஏஜென்சிக்காரர் கயிறு பிடிப்பவர் இல்லை. பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் தருவது, பையன் போய்ச் சேரும் பல்கலைக்கழகம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அது ஒரு தொழில். ஆனால் கமிஷன் தராத பல்கலைக்கழகத்தின் பெயர் அவர் தாளில் வர வாய்ப்பு குறைவு. அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தாளைப் படிக்க வேண்டும்.

அந்த 25 லட்சத்தை நானும் பையனும் உட்கார்ந்து பிரித்தோம். வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் முறைப்படி வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் கைப்பணம் போட வேண்டும். 3 லட்சத்து 75 ஆயிரம். மீதி 21 லட்சத்து 25 ஆயிரம் கடன். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சாதாரணமாகச் சொத்து ஈடு கேட்பார்கள், அதாவது வீட்டுப் பத்திரம். படிக்கிற வருடமும் அதற்கடுத்த ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். அதைக் கேட்டதும் எல்லோர் முகமும் மலரும். ஆனால் வட்டி தூங்காது. பத்து சதவீதம் என்று வைத்தாலே அந்த இரண்டு வருடத்தில் சுமார் 4 லட்சத்து 25 ஆயிரம் ஏறிவிடும். பிறகு 15 வருடம், மாதம் 27 ஆயிரத்துக்கு மேல் தவணை. பையன் கால்குலேட்டரை மறுபடியும் தட்டிப் பார்த்தான். அதே எண்தான் வந்தது.

“ரெண்டு வருஷ வேலை” என்ற பேச்சும் அப்படித்தான். பிரிட்டனில் படிப்புக்குப் பிறகு தங்கும் விசா இரண்டு வருடமாகத்தான் இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம். நார்வேயில் வெளிநாட்டவருக்கும் கட்டணமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2023-இலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து போகிறவர்களுக்குக் கட்டணம் வந்துவிட்டது. போன வருடத்துத் தாளை நம்பி இந்த வருடம் இறங்கக் கூடாது. முத்துக் காலத்திலேயே அரசாங்கம் முத்துச்சிப்பி விளையும் கடல் பாரில் சிப்பி எடுத்துச் சோதித்து, முத்தை மதிப்பிட்ட பிறகுதான் குளிப்பை அறிவிக்கும். அப்படியும், பிரிக்காத சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஜெர்மனியைப் பற்றியும் பேசினோம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக்கட்டணம் கிடையாது. பிரேமன் என்கிற துறைமுக நகரத்தில் வெப்பமண்டலக் கடல்வாழ் உயிர்ச்சூழலை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஆனால் விசாவுக்கு முன்னால் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ, கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபாய், போட்டுக் காட்ட வேண்டும். அது நம் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் கட்டாயம். இதற்கே நாளாகும், முதலிலேயே போட்டுவிடுங்கள்.

கடனைத் தவிர வேறு கயிறும் உண்டு, அரசின் ஆதரவு. அந்தக் காலத்திலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1554-இல் லிஸ்பனில் ஒரு சிறு ஜெப நூல் அச்சானது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டு, கூடவே போர்ச்சுக்கீசியமும் தந்த புத்தகம். அதைச் செய்தவர்கள் வின்சென்தே டி நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா டா குரூஸ் என்ற மூன்று பேர். மூவரும் நம் கரைக்காரர்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். போர்ச்சுகல் மன்னர் ஆணையில் நடந்த வேலை அது. இன்று மன்னர் இல்லை, அரசு உதவித்தொகை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் வருடம் 36 லட்சம் வரை கிடைக்கும். தகுதி இருந்தும் இது தெரியாமல் பத்திரத்தை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டருக்குப் படிக்க வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீட் தேர்ச்சி வேண்டும். 2021 விதிப்படி படிப்பு ஆங்கிலத்தில், குறைந்தது 54 மாதம், ஒரே கல்லூரியில் நடக்க வேண்டும். பயிற்சி அங்கே ஒரு வருடம், இங்கே ஒரு வருடம். இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு செய்ய முடியாது.

இன்னொன்றும் பையனிடம் சொன்னேன். முத்து வளர்க்கும் வித்தையை ஜப்பான்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலத்தில், 1973-இல், இங்கே பக்கத்தில் வேப்பலோடையில் அழகர்சாமி என்ற விஞ்ஞானி வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார். போகாதே என்று சொல்ல வரவில்லை. எதைக் கற்கப் போகிறாய், அது இங்கே எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் போ என்றேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. சுருங்கட்டும்.

போன வாரம் தனியாக வந்தான், ஃபைல் இல்லாமல். பிரேமனில் படிக்கிற ஒரு சீனியரைத் தேடிப் பிடித்திருக்கிறான். அறை வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்க வேண்டும், காய்ச்சல் வந்து படுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறான். பதில் வாட்ஸ்அப்பில் குரலாக வந்திருக்கிறது. அப்பா அதை இரண்டு தடவை கேட்டாராம். கேட்டுவிட்டு, “நம்ம ஊர்ப் பயதானா?” என்று மட்டும் விசாரித்தாராம்.