வெள்ளை விரிப்பும் வெளுக்கிற கைகளும்

(மங்கலம்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கிட்டது சின்ன விஷயம். ஒரு வீட்டுக் கூடத்தில் வெளிர் நிறக் கம்பளம் விரிச்சிருக்கு. அதுல கறை பட்டுடுச்சு. அதை எப்படி எடுக்கிறது, யார் எடுக்கிறது? விடுதலை அரசியல் பேசுற இடத்தில் கம்பளக் கறையா என்று சில தோழர்கள் சிரிக்கிறீங்க. சிரிங்க. கோயில் வாசலிலும் டீக்கடையிலும் தேடிப் பிடிச்ச சாதியை நம்ம வீட்டுக் கூடத்தில் தேடினோமா என்பதுதான் என் கேள்வி.

நம்ம வீடுகளுக்குக் கம்பளம் புதுசு. பாட்டிமார் காலத்தில் சாணி மெழுகின மண்தரை. விருந்தாளி வந்தால் கோரைப்பாய். கல்யாணம் காட்சின்னா வாடகைக்கு எடுத்த ஜமக்காளம். பவானி ஜமக்காளத்தைப் பார்த்திருப்பீங்க. அடர்த்தியான நிறத்தில் பட்டை பட்டையா இருக்கும். அதுமேல நூறு பேர் உட்காரலாம், குழம்பு சிந்தலாம், குழந்தை ஒண்ணுக்குப் போகலாம். அது காட்டிக் கொடுக்காது. வெளிர் கம்பளம் எல்லாத்தையும் காட்டிக் கொடுக்கும். வெள்ளையை வீட்டில் வச்சுக்கணும்னா அதை ஓயாமல் வெளுக்க ஓர் ஆள் வேணும். அந்த ஆள் யாருன்னு கேட்டால் சரித்திரம் பேச ஆரம்பிச்சிடும்.

நம்ம மண்ணில் வெள்ளை விரிப்புக்குப் பழைய பேர் நடைபாவாடை. ஊர்த்தெருவில் கல்யாண ஊர்வலம் வந்தாலும் சாவு ஊர்வலம் போனாலும், நடக்கிறவர்கள் கால் மண்ணில் படக்கூடாது என்று வண்ணார் வெளுத்த துணியை முன்னால் விரிச்சுக்கிட்டே போகணும். கால்கள் கடந்ததும் பின்னால் ஓடி, அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துக்கிட்டு மறுபடியும் முன்னால் ஓடி விரிக்கணும். 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழாம் தொகுதியில், பாடை தூக்குகிறவர்கள் தரையை மிதிக்காமலிருக்க வண்ணார் துணி வாடகைக்கு விரிக்கப்பட்ட செய்தி இருக்கு. யாழ்ப்பாணத்தில் இதுக்கு நிலபாவாடை என்று பேர். அங்கே அது வெள்ளாளப் பெருமையின் அடையாளம். ஒடுக்கப்பட்டவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அந்த உரிமை இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கு, கவனிங்க. மிதிச்சுப் போனவன் காலில் புழுதி. அது துணியில் ஒட்டுது. துணியை எடுத்துக்கிட்டுப் போய் ஆற்றில் வெளுக்கிறவர் வண்ணார். கடைசியில் அழுக்கானவர் யாருன்னு ஊர் சொல்லுது? அழுக்காக்கினவன் சுத்தமானவன், சுத்தமாக்கினவர் அழுக்கானவர். சாதியோட கணக்கே இதுதான். வேற எந்த உலகத்திலயாவது கூட்டிக் கழிச்சா இந்த விடை வருமா?

நான் பாங்கில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். மீன் வித்த கை, செருப்புத் தைச்ச கை, சாமி கும்பிட்ட கை எல்லாம் பட்டு, கறை ஏறி, ஓரம் நைஞ்சு நோட்டு வருது. அழுக்கு நோட்டை வாங்கிக்கிட்டு நல்ல நோட்டு கொடுக்கணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அழுக்கு ஆனதால நூறு ரூபாய் தொண்ணூறு ரூபாய் ஆகிறதில்லை. அதை வாங்கி மடியில் முடிஞ்சுக்க எந்தச் சாதிக்காரனும் கூச்சப்பட்டதும் இல்லை. காகிதத்துக்குக் கொடுக்கிற மரியாதையை மனுசனுக்குக் கொடுக்கலை.

1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிச்சார். ஆயிரக்கணக்கில் நம்ம சனங்க கூடவே குடிச்சாங்க. பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினாங்க. எதை வச்சு? சாணம், கோமியம், பால், தயிர். தெளிஞ்ச தண்ணியில் சாணியைக் கரைச்சால் அது சுத்தம், தாகத்துக்கு ஒரு மனுசன் கை நனைச்சால் அது தீட்டு! கறை என்பது பொருள். கண்ணுக்குத் தெரியும், தண்ணிக்குப் போகும். தீட்டு என்பது அதிகாரம். எந்தத் தண்ணிக்கும் போகாது, எதிர்த்து நின்னால்தான் போகும்.

இதுவரைக்கும் கை தட்டினீங்க. இனிமேல் சொல்லப் போறதுக்கும் தட்டுவீங்களான்னு தெரியலை.

ஊர்த்தெருவுக்கு வெளுக்க வண்ணார் இருந்த மாதிரி, நம்ம சேரிக்கு வெளுக்க ஒரு சனம் இருந்தது, இருக்குது. புதிரை வண்ணார் என்கிறோம், நம்ம வடமாவட்டங்களில் துரும்பர் என்றும் சொல்றாங்க. பிள்ளை பெத்த வீட்டுத் துணி, தூரமான பொம்பளைங்க துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவங்க தலையில். கூலி? பொழுது சாய்ஞ்சதும் வாசல் வாசலா நின்னு வாங்குற சோறு, அறுப்புக் காலத்தில் கொஞ்சம் தானியம். 1932 டிசம்பரில் 'தி இந்து' பத்திரிகையில் வந்த ஒரு செய்தியை ஹட்டன் 1946இல் வந்த தன் நூலில் எடுத்துப் போட்டிருக்கார். திருநெல்வேலிப் பக்கம் இந்தச் சனம் பகலில் கண்ணிலேயே படக்கூடாதாம். நடுராத்திரிக்கு மேல் விடியறதுக்குள்ள வெளுத்து முடிச்சிடணும். நம்மைத் தொடக்கூடாது என்றார்கள். நமக்கு வெளுத்தவங்களைப் பார்க்கவே கூடாது என்றார்கள்.

நம்ம விருத்தாசலத்துக்காரர் இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணாரப் பெண்ணோட கதை. அப்போ நம்ம பக்கத்திலேயே கோபம் வந்தது. தலித்தைத் தலித் ஒடுக்குறதா எழுதலாமா, எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்று கேட்டாங்க. எழுதினதால ஆயுதம் வரலை தோழர்களே. வாசலில் நின்ன அந்தம்மாவை உள்ளே கூப்பிடாததால வந்தது.

இப்போ கம்பளத்துக்கு வருவோம். சமீபத்தில் ஒரு வீடு. நம்ம வீடுதான். அரசு வேலை, சுவரில் அண்ணல் படம், கூடத்தில் சந்தன நிறக் கம்பளம். பையன் டீயைக் கொட்டிட்டான். வீட்டு அம்மா பதறிப் போய், வேலைக்கு வர்ற பெண்ணைக் கூப்பிட்டாங்க. அந்தப் பெண்ணும் நம்மில் இன்னொரு பிரிவு. மண்டிபோட்டு அரை மணி நேரம் துடைச்சாங்க. முடிஞ்சதும் அவங்களுக்கும் டீ வந்தது. சமையக்கட்டு ஜன்னல் மேல் தனியா வச்சிருந்த எவர்சில்வர் டம்ளரில் வந்தது. டீக்கடையில் ரெட்டை டம்ளரை எதிர்த்து எத்தனை போராட்டம் பண்ணியிருக்கோம்? அதே டம்ளர் அண்ணல் படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்துக்கிச்சே!

கம்பளத்தோட கதை கடையில் ஆரம்பிக்கலை. உத்தரப் பிரதேசத்தில் பதோஹி, மிர்சாப்பூர்ப் பக்கம் கம்பளத் தறிகளில் சின்னப் பிள்ளைகளைக் கட்டிப் போட்டு முடிச்சுப் போட வச்சாங்க. அந்தப் பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்கச் சொல்லி 1997இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுது. குழந்தை உழைப்பு இல்லாத கம்பளத்துக்கு அடையாளமா 'ரக்மார்க்' முத்திரை வந்தது 1994இல். ஆக, டீ கொட்டுறதுக்கு முன்னாலேயே கம்பளத்தில் கறை இருக்கலாம். அதைக் கடையில் கேட்டுட்டு வாங்குங்க.

சரி, கொட்டின கறையை எடுக்கிறது எப்படி? ஆம்பளைங்க நல்லாக் கேட்டுக்கங்க, இது உங்களுக்குத்தான்.

முதல் பாடம்: தேய்க்காதே, ஒத்தி எடு. தேய்ச்சால் கறை இழைக்குள்ள இறங்கும். வெள்ளைப் பருத்தித் துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரணும். நடுவில் ஆரம்பிச்சால் பரவிடும். டீக்கறைக்குப் பச்சைத் தண்ணியில் கொஞ்சம் வினிகர் கலந்து ஒத்தணும். ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது; சூடு பட்டால் ரத்தத்தில் இருக்கிற புரதம் இறுகி இழையைப் பிடிச்சுக்கும். குழம்பு சிந்தினால் எண்ணெய்க்கு முதலில் மாவைத் தூவி உறிஞ்ச விடணும். அதிலுள்ள மஞ்சள் மேல் சோப்புப் பட்டதும் சிவந்து போகும், பயப்படாதீங்க. அலசிட்டு வெயிலில் போட்டால் வெளுக்கும். கம்பளிக் கம்பளத்துக்குச் சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் எதிரி, இழையே அரிச்சுப் போகும். எதைப் போட்டாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் போட்டுப் பாருங்க.

இதெல்லாம் புஸ்தகத்தில் வர்றதுக்கு முன்னாலேயே வண்ணார வீடுகளில் இருந்த அறிவு. உவர்மண்ணில் காரம் இருக்கு, அது துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் சோப்பாகும் என்று அவங்களுக்குத் தெரியும். எந்தத் துணியை வெள்ளாவியில் வைக்கணும், எதை வைக்கக்கூடாதுன்னு தெரியும். சேங்கொட்டைச் சாறில் குறி போட்டால் எத்தனை முறை வெளுத்தாலும் அழியாதுன்னு தெரியும். அந்தக் குறியை வச்சு எழுத்தே இல்லாமல் ஊர்த் துணி அத்தனைக்கும் கணக்கு வச்சிருந்தாங்க. பட்டதாரி செய்தால் ரசாயனம், அவங்க செய்தால் குலத்தொழில்! குலத்தொழில் என்கிற வார்த்தையே அறிவைத் திருடிக்கிட்டு இழிவை மட்டும் திருப்பிக் கொடுக்கிற வார்த்தை. அதுக்காக அந்த வேலையிலேயே அவங்க கிடக்கணும்னு சொல்லலை. அறிவுக்கு மரியாதை வேணும், கட்டாயத்துக்கு முடிவு வேணும்.

கூட்டம் கலையறதுக்கு முன்னால மூணு விஷயம் கேட்கிறேன்.

ஒண்ணு. நம்ம வீட்டில் கறை பண்ணினவங்களே கறையை எடுக்கணும். பையன் கொட்டினால் பையன், அப்பன் கொட்டினால் அப்பன். பொம்பளைங்க கையும் வேலைக்கு வர்றவங்க கையும்தான் அதுக்குன்னு எழுதி வைக்கலை.

ரெண்டு. கூலிக்கு ஆள் வச்சால் பேசின கூலியைப் பேசின நாளில் கொடுங்க. நீங்க குடிக்கிற டம்ளரிலேயே டீ கொடுங்க. துடைச்ச கம்பளத்தில் அவங்களும் உட்காரட்டும்.

மூணு. புதிரை வண்ணார் பட்டியல் சாதியில் இருக்காங்க. வண்ணார் நம்ம மாவட்டத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, அந்தப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கொடுக்காமல் தாலுக்கா ஆபீசுகளில் அலைக்கழிக்கிறாங்க. 2009இல் அரசு புதிரை வண்ணார் நலவாரியம் அமைச்சது. வாரியம் இருந்தும் கையில் சான்றிதழ் இல்லாட்டா பிள்ளைக்கு உதவித்தொகை எங்கிருந்து வரும்? நம்ம சேரிக்கு வெளுத்த ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப் போங்க. மனுவை எழுதிக் கொடுங்க. கூடவே தாலுக்கா ஆபீசுக்கு நடங்க. கிராம நிர்வாக அலுவலர் கேட்டால், இவங்க புதிரை வண்ணார்தான், எங்க துணியை வெளுத்தவங்கதான் என்று நாம சாட்சிக் கையெழுத்துப் போடணும். தலைமுறை தலைமுறையா வாங்கின உழைப்புக்கு வட்டிகூட ஆகாது அது. இருந்தாலும் அங்கிருந்து ஆரம்பிப்போம். மனு எழுத வர்றவங்க பேர் கொடுங்க, வெளியில் நோட்டு வச்சிருக்கோம்.