வீரனுக்கு மாலை, வீட்டுக்கு?
(கொட்டிவாக்கம் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! எல்லையிலே நிற்கிறான் வீரன். படைக் குடியிருப்பு கிடைக்காமல் கொட்டிவாக்கத்து வாடகை வீட்டிலே வாடுகிறது அவன் குடும்பம்.

ஏழாவது ஊதியக் குழுவின் சம்பளம் 1-1-2016 முதல் கணக்கிடப்பட்டது. வீட்டு வாடகைப்படியோ 2017 ஜூலை முதல்தான்! இடைப்பட்ட பதினெட்டுத் திங்களுக்கு நிலுவை இல்லை. பெருநகரங்களுக்கான 30 விழுக்காடும் 24 ஆகக் குறைந்தது.

அடிப்படைச் சம்பளம் உயர்ந்ததே என்பர். உயர்ந்தது, வாடகை மட்டும் உயராமல் உறங்கிற்றா? மீண்டும் 30 ஆனது 2024 ஜனவரியில். அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்ட பிறகு! விலைவாசி ஏறி வாட்டிய பின்னரே விகிதம் ஏறிற்று.

மாலை வேண்டாமென்று சொல்லவில்லை. முதல் தேதி கதவைத் தட்டும் வீட்டுக்காரரிடம் மாலையையா நீட்டுவாள் வீரனின் மனைவி? சிந்திப்பீர்! தெருத்தோறும் செப்புவீர்!