ஓய்வுக்கும் ஓர் இடம் வேண்டும்

(தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைக்கு வேலை நேரத்தையும் ஓய்வையும் பற்றிப் பேசுகிறோம். அதற்கு உதாரணமாக ஆகாயத்தில் வேலை செய்கிற தொழிலாளர்களை எடுத்துக்கொள்வோம்.

மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தப் பயணம் நாலைந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆனால் 14, 16 மணித்தியாலம் தொடர்ந்து பறக்கும் விமானங்களும் உண்டு. அவற்றில் வேலை செய்கிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்?

பயணிகளின் தலைக்கு மேலே. பெரிய விமானத்தின் உடல் குழாய் போல உருண்டையானது. பைகளை வைக்கும் பெட்டிகளுக்கு மேலே, கூரைக்குக் கீழே ஒரு வெற்றிடம் கிடக்கும். நம் வீட்டில் விறகு போடும் பரண் மாதிரி. போயிங் 777, 787, எயார்பஸ் ஏ350 போன்ற விமானங்களில் அந்த இடத்தில்தான் படுக்கைகள் இருக்கின்றன. செங்குத்தான படியில் ஏற வேண்டும். மேலே நிமிர்ந்து நிற்க முடியாது. முன்பக்கம் விமானிகளுக்கு, பின்பக்கம் பணிப்பெண்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும். ஒவ்வொரு படுக்கைக்கும் திரை, விளக்கு, இடுப்புப் பட்டி, ஒட்சிசன் உண்டு. புகை வந்தால் எச்சரிக்கும் கருவியும், ஒரு வழி அடைபட்டால் வெளியேற இன்னொரு வழியும் இருக்கும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே யாரும் இருக்கக்கூடாது.

கம்பனிகள் மனமிரங்கி இதைச் செய்யவில்லை. பரணில் பயணிகளை ஏற்ற முடியாது. தொழிலாளியை அங்கே படுக்க வைத்தால் கீழே உள்ள இருக்கைகளை விற்கலாம். இது அவர்கள் கணக்கு. இரண்டாவது காரணம் சட்டம்.

அந்தச் சட்டம் எப்படி வந்தது? 2009 பெப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறிய விமானம் வீழ்ந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விமானிகள் இருவரும் முதல் நாள் இரவு ஒழுங்கான படுக்கையில் தூங்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2014 ஜனவரி 4 முதல் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகள் ஓய்விடத்தை மூன்று தரமாகப் பிரிக்கின்றன. முதல் தரம், தனியறையில் நீட்டிப் படுக்கும் படுக்கை. இரண்டாம் தரம், திரை போட்டு மறைத்த, ஏறக்குறைய படுக்கையாக விரியும் இருக்கை. மூன்றாம் தரம், பின்னால் சாயும் இருக்கை மட்டும். நள்ளிரவுக்குப் பின் வேலை தொடங்கும் விமானத்தில் நான்கு விமானிகள் இருந்தால், முதல் தரத்துக்கு 17 மணித்தியாலம் வேலை வாங்கலாம். மூன்றாம் தரத்துக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம்தான். ஆகவே ஓய்விடம் தர்மம் அல்ல. அளந்து, எழுதி, சட்டத்தில் சேர்த்த விடயம். அதே நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: நல்ல படுக்கையைக் காட்டி வேலை நேரத்தையும் நீட்டுகிறார்கள். இடத்தைக் கேட்கும்போது நேரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

செலவு அதிகம் என்ற காரணத்தால் சரக்கு விமானிகளை அந்த விதிகளில் சேர்க்கவில்லை. 2013 ஓகஸ்ட் 14 அன்று அலபாமாவில் ஒரு சரக்கு விமானம் வீழ்ந்து இரு விமானிகளும் மாண்டார்கள். களைப்பும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. அவர்களின் சங்கம் வழக்குப் போட்டது, வெற்றி கிடைக்கவில்லை. உயிருக்கு மேலாகச் செலவுக் கணக்கை வைத்தார்கள்.

பணிப்பெண்களின் கதையையும் கேளுங்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவில் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு வேண்டும் என்று 2018ல் சட்டம் நிறைவேறியது. விதியாக வந்தது 2022 ஒக்டோபரில். அதுவரை அவர்களின் சங்கம் ஓயவில்லை. சட்டம் வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போயிருந்தால் இன்னும் தாமதமாகியிருக்கும்.

தோழர்களே, இப்போது நம் மலையைப் பாருங்கள். பகல் ரொட்டியை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்? மழை கொட்டினால் எங்கே ஒதுங்குகிறோம்? மலசலகூடத்துக்கு நம் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? பிள்ளைத்தாய்ச்சிக்குச் சற்றுச் சாய ஓர் இடம் உண்டா? ஆகாயத்தில், ஒரு பரணில்கூடப் படுக்கை போட முடிந்தது. இத்தனை ஏக்கர் நிலத்தில் ஒரு கூரைக்கு இடமில்லை என்று யாரும் நமக்குச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒவ்வொரு மலையாக நடந்து இந்த நான்கு கேள்விக்கும் பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கூரை எங்கே, தண்ணீர் எங்கே, மலசலகூடம் எங்கே என்று எழுதுங்கள். மாதர் அணித் தலைவிகள் முன்னால் நிற்க வேண்டும். வாய்ப்பேச்சாகக் கேட்டால் பார்ப்போம் என்பார்கள். எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.