செய்தியின் முதல் வாக்கியம்



செய்தி எழுதுவது குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். காலத்தின் அருமை கருதி, செய்தியின் தொடக்கத்தைப் பற்றி மட்டும் சில கூற விழைகிறேன். நாளேட்டைப் புரட்டுவோருள் பலர் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றனர். ஆதலின் செய்தியின் சாரம் அவ்வாக்கியத்திலேயே அமைதல் வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களுள் தலையாயது எதுவோ, அதற்குரிய விடையே முன்னிற்க வேண்டும்.

நம் மண்ணிலிருந்தே சான்று காட்டுகிறேன். இன்று நாகை மாவட்டத்தில் அடங்கிய கீழ்வெண்மணி, 1968-இல் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூர்ச் செய்தியை, "கூலித் தகராறில் 44 பேர் மாண்டனர்" என்று ஒருவர் தொடங்குவதாகக் கொள்வோம். எண்ணிக்கை சரியே. ஆயினும் 'தகராறு' என்னும் சொல் இரு சாராரையும் சமமாக்குகிறது; 'மாண்டனர்' என்னும் சொல் கொன்றவரை மறைக்கிறது.

இவ்வாறு தொடங்கிப் பாருங்கள்: "தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் டிசம்பர் 25 இரவு, தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேரை, மிராசுதாரர் தரப்பினர் குடிசையொன்றில் எரித்துக் கொன்றனர். இறந்தோருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்." கூலி நெல்லை உயர்த்திக் கேட்டமையும், செங்கொடிச் சங்கம் கண்டமையும் அடுத்த பத்தியில் வரட்டும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. தனி மனிதரைப் பெயர் சுட்டிக் குற்றம் கூறுமுன், கண்டவர் வாக்கும் ஆவணமும் கையில் இருத்தல் வேண்டும். கீழ்நீதிமன்றம் தண்டித்த வெண்மணி மிராசுதாரர்களை உயர்நீதிமன்றம் விடுவித்ததை மறவாதீர்கள். சினம் சான்றாகாது.

நமக்கு நாமே எழுத வேண்டும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும், அண்ணல் அம்பேத்கர் 1920-இல் 'மூக்நாயக்' இதழையும் தொடங்கியது இதன் பொருட்டே.

இளைஞர்களே! சுடுகாட்டிற்குப் பாதையின்றி, நடவு வயலில் இறங்கிப் பிணம் சுமக்கும் அவலம் உங்கள் ஊரில் நேர்ந்தால், "பாதை வசதி தேவை" என்று தொடங்காதீர்கள். எந்த நாளில், எத்தனை பேர், எவ்வளவு தொலைவு சேற்றில் சுமந்தனர், மனு எந்த அலுவலகத்தில் எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கிறது என்று தொடங்குங்கள். படிப்பவர் அடுத்த வரிக்குச் செல்வார். அதிகாரியும் விடை கூற நேரிடும்.

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நமக்கு அளித்த எழுத்து அதற்குப் பயன்படட்டும்.